வெள்ளை ஓட்டை, கருப்பு அட்டை

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை, பதினான்கு லேயர்களுக்குப் பெயர் வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா தன் வீட்டில் லேப்டாப் முன்னால். மகள் எட்டு மணி நேர ரயில் தூரத்தில், தன் அறையில். அவருக்குத் தட்டச்சு ஒற்றை விரலில்தான் வரும். அதனால் அவருடைய திரையை அவள் தன் கணினியிலிருந்தே இயக்கினாள். போன் இருவர் பக்கத்திலும் ஸ்பீக்கரில் கிடந்தது. அம்பு தானாக நகர்வதை அவர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவையைப் போலத்தான் பார்ப்பார்.

"யாரோ நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சு லைட்டைப் போட்ட மாதிரி இருக்கு," என்றார்.

"நான்தான்ப்பா. நீ மவுஸை விடு. ரெண்டு பேரும் இழுத்தா அது எந்தப் பக்கம் போகும்?"

"விட்டுட்டேன். கையை மடியில வச்சுட்டு சமத்தா உக்காந்திருக்கேன்."

போட்டோவைத் திருத்தும் மென்பொருளில், செய்கிற ஒவ்வொரு வேலையையும் தனித்தனி அடுக்காக மேலே மேலே வைக்கலாம். அந்த அடுக்குக்குப் பெயர் லேயர். நாம் பெயர் வைக்காவிட்டால் மென்பொருளே 'லேயர் 7 காப்பி 2' என்று ஏதாவது வைத்துவிடும். அவருக்கு அது பிடிக்காது. பெத்த பிள்ளைக்கு நம்பர் வைக்கிற மாதிரி இருக்கு என்பார்.

"மூணாவது?"

"சிவப்புக் கண்ணாடி."

"நாலாவது?"

"முகத்துக்கு மட்டும் வெளிச்சம்."

"அஞ்சு?"

"பக்கத்து ஆள் தோள். தொடாதே."

"யாருக்குப்பா இந்த மிரட்டல்?"

"எனக்குத்தான். நேத்து தொட்டுட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். பன்னிரண்டாவதில் பொறுமை போனது. "நீ மட்டும்தானே இதைத் திறந்து பாக்கப் போற. இவ்வளவு பேர் எதுக்கு?"

"நாளைக்கு நான் லீவு போட்டா? ஸ்டூடியோக்காரம்மா எதைத் திறந்து எதைப் பாப்பாங்க?"

பதிமூன்று முடிந்தது. பதினான்காவது மட்டும் பாக்கி.

"அது கொஞ்சம் பெரிய பேரு. நானே அடிச்சுக்கறேன். நீ போய் சாப்பிடு, மணி ரெண்டாகுது."

"நீ அடிச்சு முடிக்க சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டுமே. சாயங்காலத்துக்கு வேற என்ன வேலை வச்சிருக்கேன்?"

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வயது அறுபத்து மூன்று.

*

முப்பத்தெட்டு வருடம் அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஒரு சுவரைப் பார்த்தால் அதன் வயதைச் சொல்வார். பிளேடு முனையால் மூலையில் துளி சுரண்டி, உள்ளே தெரிகிற நிறங்களை எண்ணுவார். "மொத்தம் அஞ்சு கோட்டு. மூணாவதா இருந்தவர் ரசனைக்காரர். நாலாவது ஆள் கஞ்சன், ப்ரைமர் போடாமலே அடிச்சிருக்கான்." வீட்டுக்காரர்கள் அசந்துபோவார்கள். அந்த நாலாவது ஆள் என் மாமனார்தான் என்று சிலர் ஒப்புக்கொண்டதும் உண்டு.

அறுபதாவது வயதில் தலைசுற்றல் வந்தது. ஏணிப் பக்கமே போகக் கூடாது, ஸ்டூல்மேல்கூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் நெளிவு, சமையலறையில் உப்புப் பூத்திருக்கிறது, வாசல் கதவுச் சட்டத்தில் தூரிகை மயிர் ஒட்டியிருக்கிறது என்று தினமும் ஒன்று கண்டுபிடித்தார்.

"இந்த மனுஷன் முறைக்கிற முறைப்புல சுவரெல்லாம் கூச்சப்படுது," என்று அம்மா மகளிடம் போனில் சொன்னாள். "எங்கயாவது அனுப்பி வைடி. புண்ணியமாப் போகும்."

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அதன் சுவர்களுக்கு அவர்தான் முன்பு சாம்பல் நிறம் அடித்தவர். அதை நடத்திய பெண்மணி ஒருநாள் வீடு தேடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, நீங்க அடிச்ச சாம்பல்ல ஏதோ பச்சை கலந்திருக்கு. பாஸ்போர்ட் போட்டோ எடுத்தா எல்லார் மூஞ்சியும் காமாலை வந்த மாதிரி விழுது. போன வாரம் ஒரு கல்யாணப் பையன் சண்டைக்கே வந்துட்டான்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு போனார். சுவரைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். "எதிர்க்கடை ஷட்டர் எப்ப மாத்துனாங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"பச்சை ஷட்டர். பதினோரு மணிக்கு மேல வெயில் அதுல பட்டு உங்க கடைக்குள்ள வருது. கண்ணாடியில ஒரு திரை போடுங்க, எல்லாருக்கும் காமாலை இறங்கிடும்."

திரை போட்டார்கள். இறங்கியது. மறுவாரம் அவள் கம்ப்யூட்டர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டாள். "கண்ணு இவ்வளவு நல்லா இருக்கறவர் வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறீங்க? வாங்க, நிறம் பாத்துச் சொல்லுங்க. மத்ததைக் கத்துக்கலாம்."

முதல் வருடம் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவது, முகத்தில் வெளிச்சம் சரிசெய்வது, சட்டைக் காலரில் அழுக்கு எடுப்பது. அதற்கு மேல் அவரும் போகவில்லை, அவளும் தள்ளவில்லை. பிறகுதான் டிப்போ மெக்கானிக்கின் படம் வந்தது.

அது பஸ் டிப்போவில் எடுத்த பழைய குரூப் போட்டோ. கருப்பு வெள்ளை. மூன்று வரிசையில் நாற்பத்திரண்டு பேர். சுவரில் மாட்டியிருந்தபோது மழைத்தண்ணீர் இறங்கி, பின்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து நான்காவது ஆளின் முகத்தை ஒரு பழுப்புக் கறை அப்படியே மூடிவிட்டது. அந்த ஆள்தான் மெக்கானிக். டிப்போவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். புது ஆபீஸ் வாசலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கீழே வரிசையாகப் பெயர் எழுதி மாட்டப் போகிறார்கள். நான்காவது ஆளின் இடத்தில் 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"முகம் தெரிஞ்சா பேர் போடறோம்னு சொல்லிட்டாங்களாம்," என்றாள் ஸ்டூடியோக்காரம்மா. மெக்கானிக் வந்தபோது பெயிண்டர் சாப்பிடப் போயிருந்தார். படத்தின் ஒரு நகலில் தன் இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். "நான் வேற யாரையாவது பாத்து முகம் வரைஞ்சு ஒட்டித் தரேன்னேன். வேண்டாம், அதுல நான் இருக்கேன், என்னை எடுத்துக் குடுங்கன்னாரு. பாவமா இருந்துச்சு. சரின்னுட்டேன். உங்களை நம்பித்தான் அண்ணா."

அவர் அந்தப் படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கறைக்கு அடியில் ஏதோ இருந்தது.

"இருக்காருங்க," என்றார். "மேல ஒரு கோட்டுதான். அடியில ஆள் இருக்காரு."

*

அன்றிலிருந்து யூடியூப். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கும் பொறியாளரான மகளுக்குத் தினமும் போன்.

"இவனுங்க ஆளுக்கு ஒரு பாஷை பேசறானுங்க. ஒருத்தன் 'லேயரை டூப்ளிகேட் பண்ணுங்க'ங்கறான். ஒருத்தன் 'காப்பி எடுங்க'ங்கறான். இன்னொருத்தன் ஏதோ 'ஜே' அமுக்குங்கறான். மூணு பேரும் ஒண்ணைத்தான் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு."

"நல்லா வேகமா கண்டுபிடிச்சிருக்கேப்பா."

"கேலி வேண்டாம். ஒப்பாசிட்டின்னு ஒண்ணு இருக்கு, ஃபில்லுன்னு ஒண்ணு இருக்கு. எதைக் குறைச்சாலும் லேயர் மங்குது. அப்புறம் எதுக்கு ரெண்டு? லேயர் மாஸ்க், கிளிப்பிங் மாஸ்க். அண்ணன் தம்பிக்கு ஒரே பேர் வச்சுக் கூப்பிட்டா எவன் திரும்புவான்? இதுல ஒருத்தன் வாயைத் திறந்தா 'சிம்பிளா ஒரு மாஸ்க் ஆட் பண்ணிக்கோங்க', 'சிம்பிளா இன்வெர்ட் பண்ணிக்கோங்க'. எண்ணினேன். ஒரு வீடியோவுல முப்பத்தோரு சிம்பிள். சிம்பிளா இருந்தா உன் வீடியோவை நான் ஏன்டா பாக்கறேன்?"

மகள் தனக்குத் தெரிந்தபடி விளக்கினாள். லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். எல்லாரும் சொல்கிற விளக்கம்தான்.

"கண்ணாடித் தாள், சரி," என்றார். "அட்ஜஸ்ட்மென்ட் லேயர்னு ஒண்ணு போடச் சொல்றானே, அதுல ஒண்ணுமே இல்லை. காலித் தாள். காலித் தாளை மேல வச்சா அடியில இருக்கற படம் எப்படி வெளுக்குது?"

"அது ஒரு கணக்குப்பா. கீழ இருக்கற ஒவ்வொரு புள்ளியோட மதிப்பையும் மாத்தும்."

"அப்படியா. சரிம்மா, வச்சுடறேன்."

அவர் 'வச்சுடறேன்' என்றால் புரியவில்லை என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். வேலை இருந்தது, விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"அது வார்னிஷ்."

"எதுப்பா?"

"அந்த அட்ஜஸ்ட்மென்ட். வார்னிஷ்ல படம் ஒண்ணும் இருக்காது. ஆனா பூசுனா அடியில இருக்கற மரமே வேற நிறமாத் தெரியும். வேண்டாம்னா வார்னிஷை மட்டும் எடுத்துடலாம், மரம் மரமாவே இருக்கும். அப்படித்தானே?"

அப்படித்தான். அவள் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். ஏன் எழுதினோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவரும் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவர்களுக்கு நீள அகலம் குறிக்க வைத்திருந்த பழைய நோட்டின் பின்பக்கத்தில். இடப்பக்கம் வீடியோக்காரர்கள் சொல்கிற சொல், வலப்பக்கம் அவர் சொல். பேக்கிரவுண்ட் லேயர்: சுவர், பூட்டியிருக்கும். ஒப்பாசிட்டி: பெயிண்டில் எவ்வளவு தண்ணீர். குரூப்: ஒரே ரூமுக்கான டப்பாக்களை ஒரே கூடையில் வைப்பது. லேயர் பக்கத்தில் இருக்கும் கண் படம்: மூடினால் தெரியாது, அழிஞ்சு போகாது. பயப்படாதே.

பழுப்புக் கறைக்கு ஒரு வழி அவருக்கு எட்டாவது வீடியோவில் கிடைத்தது. ஸ்கேன் செய்த படத்தின் சிவப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்தால், பழுப்பு அதில் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. கறைக்குள்ளிருந்து ஒரு நெற்றி, ஒரு மூக்கு, தொப்பியின் விளிம்பு எல்லாம் வந்தன. ஆனால் மற்ற நாற்பத்தொரு பேரும் அந்த லேயரில் மணல் தூவியதுபோல் ஆனார்கள். சிவப்பு லேயர் அந்த ஒரு முகத்தில் மட்டும் தெரிய வேண்டும், மீதி இடத்தில் மறைய வேண்டும். அதற்குத்தான் மாஸ்க்.

அங்கேதான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டார்.

மாஸ்க்கில் வெள்ளையும் கருப்பும் பூசலாம். மறைய வேண்டிய இடமெல்லாம் அவர் வெள்ளை பூசினார். மறையவில்லை. மறுபடி பூசினார். வீடியோவில் ஒருவர் 'வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும்' என்று தெளிவாகச் சொன்னதை அவர் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் மவுஸைப் பிடித்த கை முப்பத்தெட்டு வருடப் பெயிண்டர் கை. பழைய சுவரில் கறையோ, குழந்தை கிறுக்கலோ, எண்ணெய்ப் பிசுக்கோ, எது இருந்தாலும் முதலில் வெள்ளை ப்ரைமர். வெள்ளை அடித்தால் அடியில் இருப்பது மறையும். கை அதை மறக்க மறுத்தது.

"மெஷின்ல கோளாறு," என்று ஸ்டூடியோக்காரம்மாவிடம் சொன்னார்.

"எனக்கு ஒழுங்கா வேலை செய்யுதே அண்ணா."

"உங்களுக்குப் பயந்துகிட்டு செய்யுது."

ஒருநாள் காலை, ஷட்டரில் அழிந்துபோயிருந்த 'வண்டி நிறுத்தாதீர்கள்' என்பதைப் புதுப்பித்துத் தர முடியுமா என்று அவள் கேட்டாள். ஏணி வேண்டாத உயரம். அவர் அட்டையில் எழுத்துகளை வெட்டினார், ஷட்டரில் வைத்து ரோலரை உருட்டினார். பாதி முடிந்ததும் பெயிண்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க அட்டையை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெட்டிய எழுத்துகள் வெள்ளையாக ஒளிர்ந்தன. அட்டை கருப்பாக நின்றது.

ரோலரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. ஷட்டரில் 'வண்டி நிறுத்த' என்பதோடு எழுத்து நின்றது. அடுத்த இரண்டு நாளும் அதன் முன்னால் வரிசையாக ஸ்கூட்டர்கள் நின்றன.

"மாஸ்க் பெயிண்ட் இல்லம்மா," என்று மகளிடம் கத்தினார். "அது ஸ்டென்சில் அட்டை. வெள்ளைன்னா ஓட்டை. ஓட்டை வழியா மேல இருக்கற லேயர் தெரியும். கருப்புன்னா அட்டை. ஒண்ணும் தெரியாது. சாம்பல்னா?"

"சாம்பல்னா பாதி தெரியும்ப்பா."

"சல்லடை! சாம்பல் சல்லடை! இதை எவனாவது சொன்னானா? முப்பத்தோரு சிம்பிள் சொன்னான், ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டத் துப்பில்லை."

அடுத்த மாதம் ஒரு ஆஸ்பத்திரியில், ஸ்கேன் படங்களின்மேல் ஒரு உறுப்பை மட்டும் தனியே காட்டும் முறையை மகள் டெக்னீஷியன்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. போன வருடம் இதே வகுப்பில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவள் ஒரு அட்டையில் வட்டம் வெட்டி எடுத்துப் போயிருந்தாள். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "வெள்ளை ஓட்டை, கருப்பு அட்டை." அவ்வளவுதான் சொன்னாள். ஒரு கேள்விகூட வரவில்லை. முடிந்ததும் மூத்த டாக்டர் ஒருவர் வந்து, இந்த விளக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"எங்கப்பா சொன்னது."

"அவரும் இந்த ஃபீல்டா?"

"பெயிண்டர்," என்றாள். சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்ததை அவளே கவனித்தாள்.

அதை அவரிடம் போனில் சொன்னாள். பின்னாலிருந்து அம்மாவின் குரல்தான் கேட்டது. "என்னடி சொன்ன? கண்ணாடி முன்னால போய் நின்னு மீசையைத் தடவறாரு."

*

முதல் தடவை முகம் முழுதாக வந்தபோது அவர் மகளுக்கு அனுப்பப் பார்த்தார். ஃபைல் பெரிது, போகவில்லை. அவள் ஒரு மீட்டிங்குக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"ஃப்ளாட்டன்னு ஒண்ணு இருக்கும், அதைக் குடுத்து சேவ் பண்ணி அனுப்புப்பா. சின்னதாயிடும்."

அவர் அப்படியே செய்தார். படம் வந்தது, அவளும் பார்த்தாள். நன்றாக இருந்தது. மறுநாள் காலைதான் பக்கத்து ஆளின் தோள் வெளுத்திருப்பதை அவர் கவனித்தார். சரிசெய்யத் திறந்தால், பதினோரு லேயர் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எல்லா அடுக்கும் ஒன்றாக அமுங்கி, சுவரோடு சுவராகிவிட்டது. நகல் எடுத்து வைத்துக்கொள் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரியாது.

போனில் அவர் சொன்னதும் அவள் முந்திக்கொண்டாள். "அப்பா, என் தப்பு. ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கணும்."

"விடும்மா. ஸ்கேன் பண்ணது பத்திரமா இருக்கு. மறுபடி சுரண்டிக்கலாம்."

"பதினோரு நாள் வேலைப்பா அது."

"தெரிஞ்ச சுவர்தானே. இந்தத் தடவை வேகமாப் போகும்."

வேகமாகப் போகவில்லை. முதல் தடவையைவிடக் கூடுதலாக ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான் நிறைய தெரியுது என்று ஒருமுறை சொன்னார். என்ன தெரிகிறது என்று அவள் கேட்கவில்லை. நோட்டில் அன்றைக்கு எழுதிய வரி இது: ஃப்ளாட்டன்: வீட்டைச் சாவியோடு ஒப்படைக்கிற அன்றைக்கு மட்டும். அதுவும் நகலில்.

அந்த இரண்டாவது தடவையின் பதினான்கு லேயருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்கு விடுமுறை. செவ்வாய் மத்தியானம் பிரிண்ட் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார்.

*

அவர் போன பன்னிரண்டாம் நாள் அம்மா லேப்டாப்பைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள்.

"ஸ்டூடியோக்காரம்மா வந்திருக்காங்க. ஒண்ணாம் தேதி டிப்போவுல படம் மாட்டறாங்களாம். நாலு நாள்தான் இருக்கு. கேக்கவும் முடியாம நிக்கறாங்க பாவம். நீ பாரு."

மகள் ஃபைலைத் திறந்தாள். ஸ்டூடியோக்காரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் எல்லாக் கண்களையும் மூடிவிட்டு, அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். 'சுவர்' திறந்தபோது கறையோடு பழைய படம். 'சிவப்புக் கண்ணாடி' திறந்தபோது கறை இருந்த இடத்தில் ஒரு மனிதர். 'முகத்துக்கு மட்டும் வெளிச்சம்'. 'பக்கத்து ஆள் தோள். தொடாதே.' 'தொப்பி விளிம்பு, நூல் அளவு'. ஒன்றையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. எந்த லேயர் எதற்காக, எது எதன்மேல், எதைத் தொடக் கூடாது என்று எல்லாம் எழுதியிருந்தது. அவள் அலுவலகத்தில் இருபது பேர் சேர்ந்து எழுதுகிற கையேடுகளில் இவ்வளவு தெளிவு கிடையாது.

"நானும் இப்பல்லாம் வார்னிஷ், சல்லடைன்னுதான் சொல்றேன்," என்றாள் ஸ்டூடியோக்காரம்மா. "வேற ஸ்டூடியோக்காரங்க சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது."

பதினான்காவது லேயரின் கண்ணை அவரே மூடி வைத்திருந்தார். பெயர் நீளமாக இருந்ததால் முழுதும் தெரியவில்லை. மகள் லேயர் பட்டியலின் ஓரத்தைப் பிடித்து அகலமாக இழுத்தாள்.

'இடது காதுகிட்ட ஒரு கோடு. கீறல்னு நினைச்சு முதல் தடவை துடைச்சேன். இப்ப பாத்தா அதுக்கு நிழல் இருக்கு. கீறலுக்கு நிழல் விழாது. இது துடைச்ச லேயர். திறக்கணுமா வேண்டாமான்னு அவர்ட்ட கேக்கணும்.'

ஒற்றை விரலில். சாயங்காலம் வரை ஆகியிருக்கும்.

அவள் அந்த லேயரின் கண்ணைத் திறந்தாள். காதுக்கு மேல் சுத்தமாக இருந்தது. மூடினாள். தொப்பிக்கும் காதுக்கும் நடுவே வெளிறிய சின்னக் கோடு, அதன் அடியில் முடிபோல் ஒரு நிழல். தனக்கு மெயிலில் வந்த பழைய படத்தை போனில் எடுத்துப் பார்த்தாள். ஃப்ளாட்டன் ஆன அந்தப் படத்தில் கோடு இல்லை. அன்றைக்கு அந்தப் பதினோரு லேயரும் போகாமல் இருந்திருந்தால், அவர் இரண்டாவது தடவை பார்த்தே இருக்க மாட்டார்.

"எனக்குக் கீறல் மாதிரிதான் இருக்கு," என்றாள் ஸ்டூடியோக்காரம்மா தயங்கி. "திறந்தே பிரிண்ட் போட்டுடலாமா? யார் பாக்கப் போறாங்க அவ்வளவு கிட்டத்துல?"

"அப்பா கேக்கணும்னு எழுதியிருக்காரு."

"போன்ல?"

"போன்ல எப்படிக் காட்டறது. நான் போயிட்டு வரேன்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போடி. ஏதாவது கேட்டா முழிக்காத."

மெக்கானிக்கின் வீடு டிப்போவுக்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில். படி ஏறும்போது லேப்டாப் பை தோளில் கனத்தது. கதவைத் திறந்தவர் ஒல்லியான, உயரமான ஆள். வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தார். இடப்பக்கம் சரிந்து காதின் மேல்பாதியை மூடியிருந்தது.

"பெயிண்டரோட பொண்ணு," என்றாள்.

அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒதுங்கி வழிவிட்டார். சாப்பாட்டு மேஜையில் கிடந்த செய்தித்தாளை அவசரமாக மடித்து ஓரமாக வைத்தார். அவள் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். பின்வரிசை, நான்காவது ஆள். திரை நிறைய வரும்வரை பெரிதாக்கினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். "சிரிச்சிருக்கேன்," என்றார் கடைசியில். "சிரிச்சேன்னு எனக்கு ஞாபகமே இல்லை."

"அப்பா வரைஞ்சு சேத்தது ஒண்ணும் இல்லைங்க. இருந்ததை எடுத்ததுதான். ஒரே ஒரு இடத்துல மட்டும் அவருக்குச் சந்தேகம். உங்கட்ட கேட்டுட்டுத்தான் முடிக்கணும்னு எழுதி வச்சிருந்தாரு. அதைக் கேக்கத்தான் வந்தேன்." அவள் விரலைத் திரையில் காதருகே வைத்தாள். "இந்தக் கோடு. இது படத்துல விழுந்த கீறலா, இல்ல ஏதாவது பொருளா?"

அவர் திரையை நெருங்கிப் பார்த்தார். தொப்பியை லேசாகத் தூக்கினார். இடது கையைக் காதுக்குக் கொண்டுபோய், மேலே செருகியிருந்த கட்டைப் பென்சிலை எடுத்துத் திரையின் முன்னால் வைத்தார்.

"அதே பென்சில் இல்லம்மா," என்றார். "காது அதேதான்."